நான்கு காலி வாய்கள்

ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கத்தில் என் வீடு. கிழக்கே, பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் அக்கா வீடு. கொக்குக்கு இது ஒரு தூரமே இல்லை. எனக்கு ரயிலேறிப் பொன்னேரி, அங்கே பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்று, திருப்பாலைவனம் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய், இறங்கியதும் ஒரு ஷேர் ஆட்டோ. வாரம் முழுக்கக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளோடு மாரடிக்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமையும் இன்னொரு கணினியோடு மாரடிக்க இவ்வளவு தூரம் போவதென்றால் எவ்வளவு அலுப்பாக இருக்கும், சொல்லுங்கள். அக்கா கூப்பிட்டாள், போனேன். வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் காய்ச்சல் என்று சொல்லியிருப்பேன்.

அக்காவின் கடை தெருக்கோடியில் ஒற்றை அறை. பலகையில் அக்காவின் கணவர், என் மாமா, தன் கையால் எழுதிவைத்த எழுத்து இன்னும் இருக்கிறது: செராக்ஸ், போட்டோ, பாட்டு ஏற்றித் தரப்படும். மற்ற இரண்டையும்விட அந்தக் கடைசி வேலைதான் கடைக்குச் சோறு போட்டது. குப்பத்தில் படகுக்குப் படகு ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு. அதில் ஒரு மெமரி கார்டைச் செருகிவிட்டால் வலை போட்டு எடுக்கிற வரைக்கும் பாடிக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டுப் புளித்ததும் கார்டைக் கொண்டுவந்து பழையதை அழித்துப் புதியதை ஏற்றிக்கொண்டு போவார்கள். மாமா மஞ்சள் காமாலையில் போன பிறகு அக்கா அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். மாமா கேட்டதை ஏற்றித் தருவார். இவளோ, "படகுல யார் யாரு போறீங்க, வயசானவங்க கீறாங்களா?" என்று விசாரித்து அதற்குத் தக்கபடி கலந்து கொடுப்பாள். அவளிடம் கூட்டம் கூடத்தான் செய்தது.

பிறகு கணினி படுத்துவிட்டது. விண்டோஸ் திறக்கும்போது ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மாமா காலத்துப் பழைய இயந்திரம், புதிய விண்டோஸைத் தாங்காது. லினக்ஸ் போட்டுவிடலாம், காசும் வேண்டாம், கனமும் இல்லை, அரை நாள் வேலை என்று போனில் சொன்னேன். அந்த அரை நாள் என்ற வார்த்தையை அக்கா பின்னால் பல தடவை எனக்கு நினைவூட்டினாள்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கடை அறை மாமாவின் குடும்பத்துச் சொத்து. மாமாவின் தம்பி இறால் வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிறவர். கெட்ட மனிதரென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐஸ் பெட்டிகள் வெயிலில் கிடக்க, தெருக்கோடி அறை பூட்டிக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. "அண்ணி, கட ஓடுனா நான் வாயே தொறக்க மாட்டேன். ஓடலைனா ரூம எனக்கு வுட்டுடு. வர்ற பாட்டுச் சீட்டு வரைக்கும் பாக்கறேன்," என்று சொல்லியிருந்தார். பாட்டுச் சீட்டு என்றால் கடையில் ஏற்றுகிற பாட்டல்ல. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். அந்த முறைக்குச் சீட்டுப் போடுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கணினி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அக்காவுக்குக் கடை இல்லை.

முதல் ஞாயிறு பென் டிரைவோடு போய் உட்கார்ந்தேன். லினக்ஸ் அழகாகத் திறந்தது, திரை பளிச்சென்று வந்தது, அக்கா கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிறுவு என்பதை அழுத்தினேன். மொழி கேட்டது, ஊர் கேட்டது, விசைப்பலகை கேட்டது. எந்த டிஸ்கில் உட்காரலாம் என்று பார்க்கிற இடத்துக்கு வந்ததும் இன்ஸ்டாலர் பொத்தென்று விழுந்தது. எதிர்பாராத பிழை, வருந்துகிறோம் என்று ஒரு பெட்டி. மன்னிப்புக் கேட்கிற மரியாதை இருந்தது, காரணம் சொல்கிற மரியாதை இல்லை. மறுபடி ஆரம்பித்தேன். மொழி, ஊர், விசைப்பலகை, பொத்.

"உப்புக் காத்துடா," என்றாள் அக்கா.

அந்த ஊரில் எதற்கும் உப்புக் காற்றுதான் காரணம். மிக்ஸி ஓடாவிட்டால் உப்புக் காற்று, டிவியில் கோடு விழுந்தால் உப்புக் காற்று. அதனால் எதையும் திறந்து வைக்க மாட்டார்கள். காலியாக இருக்கிற பிளக் ஓட்டையில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றுவார்கள், சார்ஜர் நுனிக்குப் பாலித்தீன் சுற்றுவார்கள், ரிமோட்டுக்கு உறை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுவார்கள். கடைக் கணினி படுத்த அன்றே அக்கா அதன் முகம் முழுக்கப் பழுப்பு டேப்பை வரிசையாக ஒட்டி, அதற்குமேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். மின்சாரப் பொத்தான் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சதுரம் கத்தரித்து விட்டிருந்தாள். பார்க்கக் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. நான் சிரித்தேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அக்கா சொன்னதில் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பின்பக்கத்தைத் திறந்தேன். திருகுகள் துருவேறி நின்றன. ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், ஹார்ட் டிஸ்க் ஒயரை மாற்றினேன், பென் டிரைவை அழித்து மறுபடி எழுதினேன். பொத். அடுத்த ஞாயிறு வேறொரு லினக்ஸ் கொண்டுபோனேன். அதுவும் அதே இடத்தில் விழுந்தது, கூடுதலாக மன்னிப்பும் கேட்கவில்லை. சிக்னல் கிடைக்கும் என்று படகுத்துறை வரைக்கும் போய் நின்று, கருவாட்டு வாடையில், போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படித்தேன். உலகத்தில் எவனெவனுக்கோ இன்ஸ்டாலர் விழுந்திருக்கிறது. எல்லோரும் கேள்வியைப் போட்டுவிட்டு, சரியாகிவிட்டது நன்றி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்படிச் சரியானது என்று எழுதிவைக்க ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. திட்டித் தீர்த்தேன். திரும்பி வந்து, டீ கொண்டுவந்த அக்கா மேலும் எரிந்து விழுந்தேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "பேஜாரா கீதுனா வுட்டுடுடா. நானே ரூம தொறந்து குட்த்துட்றேன். மீன் வெட்டப் போனாலும் வயிறு ரொம்பும்," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் தூக்கமும் வரவில்லை, யோசனையும் ஓடவில்லை. ஜன்னலில் தலை இடித்துக்கொண்டே போனேன்.

மூன்றாம் ஞாயிறுதான் கடைசி. மறுநாள் காலையில் சீட்டு. அன்று எதையும் கழற்றக்கூடாது, முதலில் படிக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனேன். இன்ஸ்டாலர் விழுந்ததும் கறுப்புத் திரையைத் திறந்து அது எழுதி வைத்திருந்த குறிப்புகளை மேலிருந்து கீழே வரி வரியாகப் பார்த்தேன். முதல் டிஸ்க், சரி. இரண்டாவது, உள்ளே ஒன்றும் இல்லை. மூன்றாவது, உள்ளே ஒன்றும் இல்லை. நான்காவது, ஐந்தாவது, அதே பதில். அதற்கடுத்த வரியில் இன்ஸ்டாலர் செத்துக் கிடந்தது.

"ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தானேக்கா கீது. இதுல இன்னும் நாலு கீதுனு சொல்லுது. அந்த நாலும் எங்க?" என்றேன்.

அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்தது அவளுக்குப் புரியாது. நாலு என்ற எண் மட்டும் போதுமானதாக இருந்தது.

"நாலா? உங்க மாமா வாங்கியாந்து வெச்சாரே, நாலு வாயி, அத்த சொல்லுதா?" என்று கேட்டுக்கொண்டே, சந்தனம் குங்குமத்தோடு டேப்பை நகத்தால் நெம்பி உரித்தாள். உள்ளே கார்டு ரீடர். பெரிய கார்டுக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று, இப்போது யாரும் கண்ணால் பார்க்காத பழைய கேமரா கார்டுகளுக்கு இரண்டு என்று நான்கு வாய்கள் கறுப்பாகத் திறந்துகொண்டிருந்தன. நான்கும் காலி.

எனக்கு எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை ஞாயிறு அந்த டேப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து, ராமுக்கு ரப்பர் தேய்த்திருக்கிறேன்.

அக்காவுக்குப் புரியும்படி சொல்லப் பார்த்தேன். உள்ளே வருகிற லினக்ஸ் ஒவ்வொரு டிஸ்காகப் போய், இருக்கிறாயா என்று கேட்கிறது. ஹார்ட் டிஸ்க் இருக்கிறேன் என்கிறது. இந்த நாலு வாயும் கதவு மாதிரி இருக்கிறதே தவிர உள்ளே ஆள் இல்லை. பதில் வரவில்லை என்றால் அடுத்த வேலையைப் பார்க்கலாம் இல்லையா? அந்த அறிவு இந்த இன்ஸ்டாலருக்கு இல்லை. அங்கேயே நின்று உயிரை விட்டுவிடுகிறது.

அக்கா திறந்து கிடந்த வாய்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நம்ம பாடு மாதிரி," என்றாள்.

சீட்டு நாளில் நடப்பதை நான் கேள்விப்பட்டிருந்தேன், அவள் வாயால் கேட்டதில்லை. ஊர்ப் பெரியவர் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் பாட்டில் முறை. அந்த வீட்டு ஆண், "இருக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராமல் அடுத்த பேருக்குப் போக மாட்டார்கள். ஒரு வாய் ஒரு வீட்டுக்குத்தான் பதில் சொல்லலாம். மாமா இறந்த வருஷத்தில் அவர் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் தம்பி தன் வீட்டுக்குக் குரல் கொடுத்தாக வேண்டும், இதற்குக் கொடுக்க முடியாது. அக்கா ஓரத்தில் நின்றிருக்கிறாள். பெண்கள் குரல் கொடுக்கிற வழக்கமில்லை. கூட்டம் அப்படியே நின்று, சத்தம் போட்டு, வெயில் ஏறிவிட்டதாம்.

"அப்பொறம் பெரியவரு, இப்போதிக்கி அந்த பேர எட்த்து ஓரமா வெச்சிட்டு மேல போலாம்னாரு. போனாங்க. எனுக்கு தொண்ட வரைக்கும் வந்துச்சிடா, இருக்குனு. சொல்லல."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். அதில் ஊர்க்காரர்கள் பாட்டு ஏற்றக் கொடுத்துவிட்டுப் போன கார்டுகள், மாமாவின் கேமராவில் இருந்த கார்டு. "பதிலு சொல்ல ஆளு வோணும், அவ்ளோதானே? ஒவ்வொண்ணுத்துலயும் ஒண்ண வெச்சிட்டா?" என்று, நான் தடுப்பதற்குள் பெரிய வாயில் மாமாவின் கார்டையும் சின்ன வாயில் யாரோ ஒருவரின் படகுக் கார்டையும் செருகிவிட்டாள். ஊர்ப் புத்தி. ஆளில்லாத இடத்தில் ஒரு ஆளை நிறுத்து, வேலை நடக்கட்டும்.

அந்த இரண்டும் பதில் சொல்லத்தான் செய்தன. பதில் சொல்லும் எந்த டிஸ்கையும் அழித்துவிட்டு அதில் உட்கார இன்ஸ்டாலருக்குச் சம்மதம். அதில் ஒன்று மாமா எடுத்த படங்களெல்லாம் இருந்த கார்டு. நான் வெடுக்கென்று இரண்டையும் பிடுங்கி டப்பாவில் போட்டு மூடினேன். போதாததற்கு, மற்ற இரண்டு வாய்க்குப் பொருந்தும் கார்டு இந்த ஏரியைச் சுற்றி எந்தக் கரையிலும் கிடைக்காது.

"வேற வழி கீதுக்கா. ரீடரோட ஒயர உள்ள கழட்டி வுட்டுட்டா போதும். அப்பிடி ஒண்ணு கீறதே இதுக்கு தெரியாது. நேரா மேல போயிடும்," என்றேன். கையில் திருப்புளியை எடுத்துவிட்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வோணாம்."

"இன்னாக்கா வோணாம்? நாளிக்கி சீட்டு. இப்போதிக்கி கழட்டிட்டு..."

"இப்போதிக்கினு சொல்லாத," என்றாள். குரல் ஏறிவிட்டது. "இப்போதிக்கினுதான் எங்க ஊட்டு பேரயும் எட்த்தாங்க. அதுக்கப்பொறம் எத்தினி சீட்டு போட்டாங்க, எவன்னா திருப்பி வெச்சானா? எவனுக்கு நெனப்பு கீது? காலியா கீற வாய பிட்ங்கி போட்றது உங்க எல்லாருக்கும் ஈஸியா கீது. பாட்டு ஏத்தாத கம்ப்யூட்டர வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அந்த 'உங்க எல்லாருக்கும்' என்னைச் சுட்டது. நான் சீட்டுக் கூட்டத்தில் இருந்தவனில்லை. ஆனாலும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். வெளியே யாரோ நண்டு விலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நான் என்னால் முடிந்த அளவு நிதானமாகச் சொன்னேன். காலி வாயைக் கண்டு விழுவது இந்த இன்ஸ்டாலர் மட்டும்தான். லினக்ஸ் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. எத்தனை வாய் காலியாக இருந்தாலும் தன் வேலையைப் பார்க்கும், கார்டு வரும்போது வாங்கிக்கொள்ளும். ஒயரை நானே திரும்பச் செருகுவேன், இன்றைக்கே, அவள் கண் முன்னால். செருகாமல் பஸ் ஏற மாட்டேன்.

"செருவாம போனீன்னா இந்த ஊட்டு பக்கமே வராத," என்று சொல்லிவிட்டு, கழற்றிய ஒயரின் நுனியைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மொழி, ஊர், விசைப்பலகை. டிஸ்க் பார்க்கிற இடம் வந்தது. ஒரே ஒரு டிஸ்க் என்று காட்டியது. அழிக்கலாமா என்று கேட்டது, ஆமாம் என்றேன். நீலக் கோடு நகர ஆரம்பித்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அப்படியே தரையில் படுத்துவிடலாம் போல்தான் இருந்தது. கோடு முடிந்து, அணைந்து, மறுபடி திறந்து, லினக்ஸ் வந்து உட்கார்ந்ததும் கணினியை நிறுத்தினேன். அக்கா ஒயரை நீட்டினாள். துரு பிடித்த முனைகளில் ஒன்று கூட வளையாமல் மெல்ல அழுத்திச் செருகினேன். திறந்தபோது நான்கு வாயும் காலியாகவே இருந்தன, கணினி பாட்டுக்கு வேலை செய்தது.

பொழுது சாய்வதற்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்து, மாமாவின் தம்பி வந்து வாசலில் நின்றார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடுதா மச்சான்?" என்றார்.

"ஓடுது."

தலையாட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தன் படகுக் கார்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "ஐஸ் பெட்டிக்கி வேற எடம் பாத்துக்கறேன் அண்ணி. எல்லாம் பழசா கீது இதுல, மாத்தி குடு." அக்கா வாங்கிச் சின்ன வாயில் செருகினாள். பாட்டுகள் ஏற ஆரம்பித்தன. அறை தப்பித்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"தம்பி," என்றாள் அக்கா அவரிடம், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இவன் ஒண்ண கழட்டினான். இப்போதிக்கினான். அதேமாரி செருவிட்டான். அன்னிக்கி நீங்க எட்த்து ஓரமா வெச்ச பேர எப்ப செருவ போறீங்க?"

அவர், கார்டு ஏறி முடிகிற வரைக்கும் அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கிக்கொண்டு போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, தெருவில் பாதி போய் மாற்றினார்.

மறுநாள் தொழிற்சாலையில் எனக்கு வேலை ஓடவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை. மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"இன்னாக்கா ஆச்சி? பேர கூப்ட்டாங்களா?"

"கூப்டல. எங்க ஊட்டுக்கு முன்னாடி பேர கூப்ட்டு, நேரா அடுத்த ஊட்டுக்கு போனாங்க."

நான் விசைப்பலகையைத் தள்ளி வைத்தேன்.

"நடுவுல நான் இருக்குனு சொல்லிட்டேன்," என்றாள்.

"இன்னாது?"

"எழுந்து நின்னு சத்தமா சொன்னேன்டா. பேரே கூப்டாத எடத்துல பதிலு வந்துட்ச்சா, பெரியவருக்கு ஒண்ணும் புரியல. மேலயும் போவ முடியல, கீழயும் வர முடியல. உங்க மாமாவோட தம்பி தலைய தொங்க போட்டுகினு, அந்த ஊடு இருக்குதானேனு ஒரு வார்த்த சொன்னாரு. அதோட சரி. எல்லாம் நின்னு போச்சி."

"அப்பொறம்?"

"அப்பொறம் இன்னா, இன்னும் குந்திகினுதான் கீறாங்க. எவ்ளோ நேரம் நானும் நிக்கறது? பாட்டு ஏத்த ஆளு வந்துட்டாங்கனு கடைக்கி வந்துட்டேன். போன வெய்யி, கார்டு ஏறிட்ச்சி."

போன் கட்டாகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த இயந்திரம் ஏதோ பிழையென்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் கொஞ்ச நேரம் காத்திருக்கவிட்டேன்.